ஐந்தாவது கால்

திங்கள், மதியம்

என் வீட்டுக்காரருக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா, லிஃப்ட் கம்பெனியில் வேலை செய்துகொண்டு இன்னும் மாடிப்படிதான் ஏறிக்கொண்டிருக்கிறீர்களா என்று எழுதுங்கள். போனில் கேட்டால் "ம்ம், பரவால்ல" என்று முடித்துவிடுவீர்கள். நான் நீளமாக ஏதாவது ஆரம்பித்தால் உங்களுக்கு உடனே லைன் சரியில்லாமல் போய்விடுகிறது. அதனால்தான் காகிதம். இதை நடுவில் துண்டிக்க முடியாது.

மாடியில் ஒழுகிக்கொண்டிருந்த குழாயை மாற்றியாயிற்று. உங்கள் அக்காவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டு அவிழ்த்த மறுநாளே வீட்டுக்கு வந்து என் அலமாரி மேல் இருந்த தூசியைக் காட்டினார், ஆகவே பார்வை நன்றாகவே திரும்பியிருக்கிறது. மகள் பரீட்சை முடிந்து அடுத்த மாதம் ஹாஸ்டலிலிருந்து வருகிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். க்ளினிக்கில் டோக்கன் நம்பர் காட்டுகிற எல்.இ.டி. போர்டு போய்விட்டது. நீங்கள் வெளிநாடு கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்னால் மாட்டிக் கொடுத்தீர்களே, அதேதான். பதினோரு வருஷமாக ஒரு நாள்கூட மக்கர் பண்ணாத போர்டு, போன வாரம் இடி இடித்து கரண்ட் ஏறி இறங்கியதில் அணைந்தது. சுவரில் இருக்கும் கன்ட்ரோலர் டப்பாவை மட்டும் திறந்து பார்த்தேன். உள்ளே பெரிய சிப் கருகி, அதன் தலையில் ஒரு குழி விழுந்திருக்கிறது. மேலே விளக்குகள் இருக்கும் பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நினைக்கிறேன். அதை இன்னும் இறக்கவில்லை.

அன்றிலிருந்து டோக்கன் கொடுக்கிற நான்தான் போர்டு. "இருபத்தேழு! இருபத்தேழு யாருங்க?" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. காது மந்தமான பெரியவர்கள் நம்பர் போனது தெரியாமல் மத்தியானம் வரை உட்கார்ந்திருக்கிறார்கள். புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்றார் டாக்டர். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "மூணு வாரம் குடுங்க சார், நான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். டாக்டர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். நர்ஸ் அம்மா வாய்விட்டே சிரித்துவிட்டாள்.

மகளிடம் போனில் சொன்னேன். அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று உங்களுக்குத் தெரியும். "அம்மா, நீயா? வேணாம்மா, அப்புறம் அம்மா சால்டர் ஆயிடும்" என்றாள். நம் வீட்டில் எது கழன்று விழுந்தாலும், பக்கெட் கைப்பிடி உட்பட, அதற்கு "அம்மா சால்டர்" என்றுதானே பெயர். உங்கள் அக்காவும் சொல்கிறார். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். நம் பட்டறையில் செய்து கொடுத்த நாற்பது போர்டும் பஸ் கம்பெனியிலிருந்து திரும்பி வந்த அன்று, அந்த அதிகாரி முன்னால் நீங்கள், "சால்டரிங் எல்லாம் என் வீட்டுக்காரி பண்ணது சார், அவசரத்துல சரியாப் புடிக்காம விட்டிருக்கா" என்று சொன்னீர்கள். எட்டு வயசுப் பிள்ளை கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா கைவேலை சரியில்லாததால் பட்டறை மூடிற்று, அதனால்தான் அப்பா வெளிநாடு போனார் என்று கேட்டே அது வளர்ந்தது. நானும் அதைத்தான் நம்பினேன். அன்றைக்குக் கீழே வைத்த, ஈயம் உருக்கிப் பற்றவைக்கிற சால்டரிங் அயர்னை அப்புறம் நான் தொடவே இல்லை.

இப்போது தொட்டிருக்கிறேன். இந்த ஒரு போர்டாவது என் கையில் ஒழுங்காக எழுந்து நிற்க வேண்டும். அதை மகள் கண்ணால் பார்க்க வேண்டும். வேறொன்றும் இல்லை.

அவள் சொன்ன சின்ன மைக்ரோகன்ட்ரோலர் அட்டை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். தீப்பெட்டி அளவுதான். காலேஜ் பிள்ளைகளும் எலக்ட்ரானிக்ஸ் பைத்தியங்களும் விளையாட வாங்குவது. கருகிப்போன சிப் செய்த வேலையை இது செய்யும், புரோகிராமை அவள் எழுதி அனுப்புவாள். ஆனால் எந்த ஒயர் எங்கே போகிறது, எது என்ன செய்கிறது என்று நான் சொன்னால்தானே அவள் எழுத முடியும்? அங்கேதான் மாட்டிக்கொண்டேன். வேறு எவனாவது பார்த்து காப்பியடித்துவிடுவான் என்று எல்லா சிப்பின் முதுகிலும் இருந்த நம்பரை உப்புக் காகிதத்தால் தேய்த்து அழிக்கச் சொன்னீர்கள். தேய்த்தது நான். அந்த வேலையில் மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது, ஒரு எழுத்துகூட மிச்சமில்லை.

பரணில் அந்த நாற்பதில் ஒன்று கிடக்கிறது. க்ளினிக் போர்டும் அதே படத்தை வைத்துச் செய்ததுதானே. முதலில் இதில் எல்லாம் கண்டுபிடித்துக்கொண்டு பிறகு அதில் கை வைக்கிறேன். சர்க்யூட் படம் வரைந்த நோட்டு உங்களிடம் இருந்தால் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்கள், முன்னால் இல்லை.

உங்கள்
மனைவி

*

வியாழன், மாலை

வீட்டுக்காரருக்கு மறுபடியும்,

போன வாரம் போட்ட கடிதத்துக்கு உங்கள் செய்தி போனில் வந்தது. "நோட்டு இல்ல. பழசக் கிளறாத. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கச் சொல்லு." எட்டுப் பக்கக் கடிதத்துக்கு இவ்வளவு பெரிய பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பரவாயில்லை.

நோட்டு இல்லாமலே முக்கால்வாசி கண்டுபிடித்துவிட்டேன். க்ளினிக் மதியம் ஒரு மணிக்கு மூடினால் நாலரைக்குத்தான் திறக்கும், இஸ்திரி மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். கன்ட்ரோலரிலிருந்து பலகைக்கு வருவது பத்து இழை ரிப்பன் ஒயர். மீட்டரின் ஒரு முனையை இழையில் வைத்து, மறு முனையால் ஒவ்வொரு சிப்பிலும் துருத்திக்கொண்டிருக்கும் ஒவ்வொரு கம்பிக் காலையும் தொட்டுக்கொண்டே போனேன். எங்கே பீப் சத்தம் வருகிறதோ அங்கே கோடு. கட்டம் போட்ட தாளில் கலர் பென்சிலால் எல்லாவற்றையும் வரைந்தேன். இரண்டு இழை கரண்டுக்கு, இரண்டு அது திரும்பிப் போகிற கிரவுண்டுக்கு. மூன்று, நிமிர்ந்த வரிசைகள் அறுபத்து நாலில் எது எரியலாம் என்று சொல்வதற்கு. மீதி மூன்றும் பதினாறு கால் உள்ள ஒரு சிப்புக்குப் போகின்றன. படுக்கை வரிசை எட்டையும் முறை வைத்து ஏற்றி இறக்குவது அந்த சிப்தான்.

அந்த மூன்று இழையிலும் ஒரு திருகல் செய்து வைத்திருக்கிறீர்கள். இரண்டாவது வரிசையைக் கூப்பிட்டால் ஐந்தாவது எரிகிறது. "எவனாவது திறந்து பாத்தா மண்டை காயட்டும்" என்று நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. காய்ந்தது. இரண்டு நாள் காய்ந்தது. ஒவ்வொரு வரிசையாக எரியவிட்டு எழுதி வைத்த பிறகுதான் பிடிபட்டது.

அப்புறம் நான் செய்த முட்டாள்தனத்தையும் கேளுங்கள். மகள் புரோகிராம் அனுப்பியதும் முதலில் எட்டாம் நம்பரைப் போட்டுப் பார்த்தேன். பலகையில் வரிசையாக இருக்கும் எட்டு விளக்குக் கட்டத்திலும் எட்டு, சிவப்பாக, அழகாக நின்றது. அட, முடிந்தது வேலை என்று ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து நாலாம் நம்பரைப் போட்டால், ஒன்று விட்டு ஒன்று தலைகீழாக நிற்கிறது. கோடு போட இடமில்லை என்று பாதிக் கட்டங்களைத் திருப்பிப் பொருத்தியிருக்கிறீர்கள். எட்டைத் தலைகீழாக நிறுத்தினாலும் எட்டுதானே! மகளிடம் சொன்னபோது ஐந்து நிமிஷம் சிரித்தாள். ஆனால் சிரித்து முடித்துவிட்டு, "எப்டிம்மா இவ்ளோ தூரம் வந்த?" என்றும் கேட்டாள். அந்தக் கேள்வியை அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதை இங்கேயே நிறுத்தியிருக்கலாம். நேற்று மழை பிடித்தது. மூன்று நாள் ஒழுங்காக எரிந்த போர்டு மினுக்க ஆரம்பித்தது. வரிசைகள் மங்கி, தாண்டி, நம்பர் கிழிந்து கிழிந்து தெரிந்தது. அந்தப் பதினாறு கால் சிப்பின் மேல் விரலை வைத்து அழுத்தினேன், நின்றுவிட்டது. எடுத்தேன், மறுபடி மினுக்கல். பஸ் கம்பெனிக்காரர்கள் சொன்னது அப்படியே: மழை வந்தால் மினுக்கும், தொட்டால் சரியாகும். ஈயம் சரியாகப் பிடிக்காத இடம் இப்படித்தான் பண்ணும் என்று நீங்கள் அன்று எல்லோருக்கும் விளக்கினீர்கள்.

ஆகவே என் கைதான். பதினோரு வருஷம் கழித்து என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். உட்கார்ந்து அழுதேன், எழுதுவதற்கு வெட்கமில்லை. பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, பதினாறு காலையும் ஒவ்வொன்றாகச் சூடாக்கிப் பழைய ஈயத்தை எடுத்துவிட்டு, புதிதாக வைத்தேன். இவ்வளவு நிதானமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன், ஒவ்வொன்றும் பளபளவென்று சின்னக் கூம்பு மாதிரி உட்கார்ந்திருக்கிறது. போர்டை ஏற்றினேன். மினுக்குகிறது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அன்று நீங்களும் நாற்பது போர்டையும் மறுபடி சால்டர் செய்தீர்கள், அடுத்த மழைக்கு மறுபடி மினுக்கியது. அப்போது எந்தக் காலில் கோளாறு என்று பார்த்தீர்கள்? இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அந்த சிப்பின் நம்பர் ஞாபகம் இருந்தால் அதையும். டாக்டர் கொடுத்த கெடுவில் இன்னும் ஆறு நாள் இருக்கிறது. மகளிடம் மினுக்கலைப் பற்றிச் சொல்லவில்லை.

பதிலை எதிர்பார்க்கும்
உங்கள் மனைவி

*

புதன், காலை

வீட்டுக்காரருக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. இரண்டு முறை போன் செய்தேன், வேலையாக இருந்திருப்பீர்கள்.

போர்டு ஓடுகிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நேற்று முன்தினம் காலை ஒன்பது மணிக்கு முதல் டோக்கன் விழுந்தது. காது கேட்காத ஒரு பெரியவர் நம்பரைப் பார்த்துவிட்டு யாரும் சொல்லாமல் தானே எழுந்து உள்ளே போனார். டாக்டர் வெளியே வந்து போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சத்தமில்லாம வேல பாத்துட்டீங்களே" என்றார். நர்ஸ் அம்மா தன் வீட்டு மிக்ஸியைக் கொண்டுவரட்டுமா என்று கேட்கிறாள்.

இனி நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

உங்களுக்குப் போன கடிதம் எழுதிய மறுநாள் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். "ஸ்டாக் இல்ல" அண்ணன் ஞாபகம் இருக்கிறதா? எதைக் கேட்டாலும் தலையைத் தூக்காமல் ஸ்டாக் இல்ல என்று சொல்லியே பெயர் வாங்கினவர். அவரிடம், நம்பர் அழிந்துபோன சிப், பதினாறு கால், மூன்று ஒயர் உள்ளே போகிறது, எட்டு வெளியே வருகிறது என்றேன். அதிசயமாகத் தலையைத் தூக்கினார். "அந்தக் காலத்துல வரிசை மாத்தறதுக்கு எல்லாரும் போட்டது ஒண்ணே ஒண்ணுதாம்மா. இதுக்குப் போயி ஏன் நம்பர அழிச்சீங்க? ஊருக்கே தெரிஞ்ச சரக்கு" என்றார். ஸ்டாக்கும் இருந்தது. எந்தக் கால் எதற்கு என்று போட்டிருக்கும் தாளையும் எடுத்துக் கொடுத்தார்.

வாசலிலேயே நின்று படித்தேன். நாலாவது, ஐந்தாவது, ஆறாவது கால்கள் மூன்றும் சிப்புக்கு வேலை செய் என்று உத்தரவு கொடுப்பவை. நாலும் ஐந்தும் கிரவுண்டில் இருக்க வேண்டும், ஆறு கரண்டில் இருக்க வேண்டும். எந்தக் காலையும் சும்மா தொங்கவிடக் கூடாது, விட்டால் ஈரம் பட்டாலும் கை பட்டாலும் அதன் இஷ்டத்துக்கு ஆடும் என்று அண்ணன் கூடவே சொன்னார்.

வீட்டுக்கு வந்து பரண் போர்டில் மீட்டரை வைத்தேன். நாலாவது காலை வைத்தால் கிரவுண்டில் பீப் என்றது. ஆறாவதை வைத்தால் கரண்டில் பீப் என்றது. ஐந்தாவது காலை வைத்துக்கொண்டு போர்டு முழுக்கத் தேடினேன், எங்கேயும் சத்தம் வரவில்லை. பலகைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்தக் கால் இறங்குகிற இடத்தில் செம்பு வட்டம் ஒன்று தனியாக இருக்கிறது, அதிலிருந்து ஒரு கோடும் கிளம்பவில்லை. அச்சடித்த பலகையிலேயே கோடு இல்லை. படத்தில் போட மறந்திருக்கிறீர்கள். எங்கேயும் போகாத ஒரு காலை நான் நாற்பது தடவை ஒழுங்காகப் பற்றவைத்திருக்கிறேன். நம்பரைத் தேய்த்து வைத்ததால் பஸ் கம்பெனி இன்ஜினியர்களாலும் அதைச் சரிபார்க்க முடியவில்லை.

ஒரு துண்டு ஒயரை ஐந்தாவது காலிலிருந்து கிரவுண்டுக்குப் போட்டேன். மினுக்கல் நின்றது. கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்து ஆவியில் காட்டினேன், மழையில் ஜன்னலைத் திறந்து வைத்தேன், இரண்டு நாள் ஓடவிட்டேன். ஒரு சிமிட்டல் இல்லை. சமையலறையில் தனியாக நின்று சத்தமாகச் சிரித்தேன். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியாக, "என்னக்கா, நல்லாத்தான இருக்கீங்க?" என்று கேட்டாள்.

அன்று எனக்கு உங்கள் மேல் கோபமே வரவில்லை, அதை நீங்கள் நம்ப வேண்டும். பாவம் மனுஷன், தெரியாமல் செய்துவிட்டார், தெரிந்தால் மனசு கஷ்டப்படுவார், எப்படி எழுதினால் வலிக்காது என்றுதான் யோசித்தேன். "கோடு மறப்பது யாருக்கும் சகஜம்" என்று ஒரு கடிதம் ஆரம்பித்து அரைப் பக்கம் எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை க்ளினிக் போர்டை இறக்கினேன். நர்ஸ் அம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அதே ஒயரை இதிலும் போட வேண்டும் என்று துண்டு வெட்டித் தயாராக வைத்திருந்தேன். பின்பக்கத் தகட்டைக் கழற்றினால், ஒயர் ஏற்கெனவே இருந்தது. டெலிபோன் ஒயரில் உரித்த ஆரஞ்சு நிற இழை, ஐந்தாவது காலிலிருந்து கிரவுண்டுக்கு. இரண்டு முனையிலும் கொசு கடித்து வீங்கின மாதிரி உருண்டையாக ஈயம். நான் அப்படி வைக்க மாட்டேன். பட்டறையில் அப்படி வைக்கிற ஆள் நீங்கள் ஒருவர்தான், எத்தனை தடவை உங்களைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

ஆக, நீங்கள் கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்னாலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே க்ளினிக் சுவரில் அதை மாட்டினீர்கள். அதற்குக் கீழே டோக்கன் மேசை வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். பதினோரு வருஷமாக நான் அந்த ஒயருக்குக் கீழேதான் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வந்தபோதெல்லாம் மகள் "அம்மா சால்டர்" என்று சொன்னதைக் கேட்டீர்கள். தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டீர்கள். நீங்கள் மட்டும் சிரித்ததில்லை, அது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. அதை நான் அன்பு என்று நினைத்திருந்தேன்.

கோபமா என்று கேட்டால், கோபம்தான். இரண்டு நாள் உங்கள் சட்டைகளை அலமாரியிலிருந்து எடுத்து வெளியே போட்டேன், மூன்றாம் நாள் நானே மடித்து உள்ளே வைத்தேன். முதல் நாள் தெரியாமல் சொன்னதை நான் எப்போதோ மன்னித்திருப்பேன். தெரிந்த பிறகும் வாயைத் திறக்காததை என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இவ்வளவையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு வெளிநாட்டு ரூமில் தனியாக எப்படித் தூங்கினீர்கள் என்று நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன, ஒன்றை எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் எழுத முடியவில்லை.

போர்டில் அந்த ஒயரை நான் தொடவில்லை, அப்படியே விட்டு மூடிவிட்டேன். டாக்டரிடம் ஒன்றும் சொல்லவில்லை, உங்கள் அக்காவிடமும் இல்லை. மகளிடம் போர்டு ஓடுகிறது என்று மட்டும் சொன்னேன். அவள், "சூப்பர்மா, அப்பா பட்டறையில அன்னிக்கு இப்டி நிதானமாப் பண்ணியிருந்தா நல்லா இருந்திருக்கும்ல" என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள், குழந்தைக்கு என்ன தெரியும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது, விழுங்கிக்கொண்டேன். நான் சொன்னால் அம்மா தன் பக்கத்தைப் பேசுகிறாள் என்று ஆகும், உங்களைப் பற்றி அவள் மனசில் என்ன உடையும் என்றும் எனக்குத் தெரியாது. நீங்கள் உங்கள் வாயால் சொல்லுங்கள். அப்போது உடைந்தாலும் ஒட்டும்.

எனக்கு மன்னிப்பு எழுத வேண்டாம், காரணமும் வேண்டாம். பத்தாம் தேதி அவள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அவளைக் கூப்பிட்டு, நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அவள் என்ன கேட்டாலும் பதில் சொல்லுங்கள். சொல்லி முடித்த பிறகு லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பி வாருங்கள், கதவு திறந்திருக்கும். சொல்லாமல் மட்டும் வராதீர்கள்.

முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். எங்கே இருந்தாலும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

இப்படிக்கு,
நாற்பது போர்டையும் சரியாக சால்டர் செய்தவள்